மேல்மனைச் சுவரும் கீழ்மனை உயிரும்

மலைச்சரிவிலே மனை வாங்கி வீடு கட்டுவோர் தொகை நம் நாட்டில் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. நீலகிரியிலும், கொடைக்கானலிலும், ஏற்காட்டிலும் சமநிலம் என்பது கிடைத்தற்கரிய பொருள். ஆதலின் சரிவை வெட்டிச் சமன்செய்து, வெட்டுண்ட மண்ணைக் கருங்கற் சுவரால் தடுத்து நிறுத்தி, அதன் மேலோ கீழோ வீடு எடுப்பது அங்கெல்லாம் வழக்கமாக இருந்து வருகிறது. இச்சுவரைத் தடுப்புச்சுவர் என்பர். வீட்டின் கூரைக்கும், கதவுக்கும், தரைக்கும் செலுத்தும் கவனத்தில் நாலில் ஒரு பங்கைக்கூட நம்மவர் இச்சுவருக்குச் செலுத்துவதில்லை. 'கல்லை அடுக்கினால் நிற்காதா?' என்பது பொதுஜன எண்ணம். நிற்கும், பெருமழை வரும்வரை நிற்கும்.

ராஜ்ய விவகாரங்களை ஆராய வேண்டிய இப்பகுதியில் கல்லையும் மண்ணையும் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது: ஒருவன் தன் சொந்த மனையில் தன் சொந்தப் பணத்தைக்கொண்டு கட்டும் சுவர், அவன் முகமறியாத வேறொருவனுடைய உயிருக்குப் பொறுப்பாக நிற்கிறது. உடைமை மேலே இருப்பவனுடையது. அபாயம் கீழே இருப்பவனுடையது. உடைமையும் அபாயமும் இவ்வாறு இரு வேறு கைகளிற் பிரிந்து கிடக்கும் இடம் எதுவாயினும், அது ராஜ்ய விவகாரமேயாகும்.

நாம் வெறும் கற்பனை பேசவில்லை. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில், நீலகிரி மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் நிகழ்ந்ததை நாடு மறந்திருக்க முடியாது. தனியார் மனையொன்றைச் சூழ்ந்திருந்த, ஏறத்தாழ 20 அடி உயரமுள்ள கருங்கல் மதில், மழையில் ஊறிச் சரிந்து பக்கத்து வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். அனைவரும் தலித் மக்கள். அம்மதில் அபாயகரமானது என்று தாங்கள் முன்னரே முறையிட்டிருந்ததாக அவ்வூரார் கூறினர். அம்முறையீடு உரிய காலத்திற் கேட்கப்பட்டிருக்குமாயின் அந்த 17 உயிர்களும் இன்று நம்மிடையே இருந்திருக்கும்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் தேதி உதகமண்டலத்தை அடுத்த லவ்டேலில் நிகழ்ந்தது இதனினும் வேறு வகையானது. அங்கே வீடொன்றின் வேலைக்காகத் தடுப்புச்சுவர் கட்டும்பொருட்டு மண் வெட்டிக்கொண்டிருந்தனர். வெட்டிய இடத்துக்கு மேலே நின்ற பழைய கழிப்பிடக் கட்டடம் பிடிப்பற்று இடிந்து விழுந்தது. கூலிவேலைக்கு வந்திருந்த பெண்கள் 6 பேர் மண்ணுக்குள் மடிந்தனர். நடூரில் நின்ற சுவர் கொன்றது. லவ்டேலிலோ இன்னும் எழும்பாத சுவருக்காகத் தோண்டிய குழி கொன்றது. இரண்டிடத்தும் மாண்டவர் சுவருக்கு உடையவர் அல்லர் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறோம்.

இத்தகைய துயரம் நேருந்தோறும், 'மழை மிகுதி. யார் என் செய்வது?' என்று கையை விரித்துவிடுவது நம் அதிகாரிகளுக்கும் நமக்குங்கூடப் பழக்கமாகிவிட்டது. இது முற்றும் தவறு. மழை வருமென்பது புதிய செய்தி அன்று. மழையில் நனைந்த மண் சுவரை எவ்வளவு பலத்துடன் தள்ளும் என்பதும் புதிய செய்தி அன்று. மார்த்தினீக் தீவிலே கோட்டை கட்டிய அனுபவமுள்ள பிரெஞ்சு ராணுவ இஞ்சினீராகிய கூலோம் என்பவர், சுவரின் பின்னாலுள்ள மண் ஆப்பு வடிவாகப் பிரிந்து வழுக்க முயல்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் 1773ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். இரு நூற்றைம்பது ஆண்டுகளாக உலகம் அறிந்திருக்கும் கணக்கை நாம் அறியாதார் போல் நடிப்பது பொருந்தாது.

அக்கணக்கைச் சுருக்கமாக இங்கே கூறுதல் நலம். ஏறத்தாழ 10 அடி, அதாவது 3 மீட்டர் உயரமுள்ள தடுப்புச்சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பின்னே சாதாரண மணற்பாங்கான மண் உலர்ந்து கிடக்குமாயின், சுவரின் நீளத்தில் ஒவ்வொரு மீட்டரையும் அம்மண் சுமார் 2½ டன் முதல் 3 டன் வரையுள்ள பலத்துடன் வெளியே தள்ளும். அதே மண்ணில் மழைநீர் புகுந்து வெளியேற வழியின்றி மேல்மட்டம்வரை நிறைந்துவிட்டால், நீர் மாத்திரமே 4½ டன் பலத்துடன் தள்ளும். நீரில் மிதந்த நிலையிலும் மண் தன் பங்குக்கு ஒன்றரை டன் அளவு தள்ளும். ஆக 6 டன். உலர்ந்த நாளில் இருந்ததைப்போல் இருமடங்கோ அதற்குச் சற்று மேலோ உள்ள சுமையை அதே சுவர் ஓர் இரவுக்குள் ஏற்க வேண்டியதாகிறது.

உயரத்தின் கதை இன்னும் அச்சந்தருவது. சுவரின் உயரத்தை இருமடங்காக்கினால் மண் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. சுவரை அடியோடு புரட்டித் தள்ளும் வேகமோ எட்டு மடங்காகிறது. '10 அடிச் சுவர் நன்றாக நிற்கிறதே, இன்னும் 10 அடி ஏற்றினால் என்ன?' என்று கேட்பவர், இரண்டு சுவரின் வேலையை ஒரு சுவரிடம் ஒப்படைப்பதாக எண்ணிக்கொண்டு எட்டுச் சுவரின் வேலையை ஒப்படைக்கிறார்.

இதனால் விளங்குவது யாது? தடுப்புச்சுவருக்குப் பகைவன் மண்ணைக் காட்டிலும் அடைபட்ட நீரே. கல்லின் கனத்தைக் கூட்டிக்கொண்டே போவதால் மட்டும் அப்பகைவனை வெல்ல முடியாது. வெளியேற வழிவிடுவதே அவனை வெல்லும் உபாயம். நல்ல சுவர் மண்ணை நிறுத்தும், நீரை விட்டுவிடும். தீய சுவர் இரண்டையும் நிறுத்த முயன்று இரண்டிடமும் தோற்கும்.

பழைய கொத்தர்கள் சாந்தின்றிக் கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கிய சுவர்கள் பல தலைமுறை நின்றதன் ரகசியம் இதுவே. சாந்தில்லாச் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையேயுள்ள சந்துகள் யாவும் நீருக்கு வாயில்கள். அச்சுவர் சிறிது அசைந்துகொடுத்து மீண்டும் அமரும் இயல்பும் உடையது. தென் அமெரிக்காவிலே பெரு நாட்டு மச்சு பிச்சு மலைநகரில், 15ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட படிவரிசைத் தளங்களை ஆராய்ந்தவர்கள், அடியில் பெருங்கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல்கலந்த மண், எல்லாவற்றுக்கும் மேலே விளைமண் என்று அடுக்கடுக்காக நிரப்பியிருப்பதைக் கண்டனர். அவ்வளவு மழை பெய்யும் செங்குத்தான மலையில் அத்தளங்கள் இன்றும் நிலைத்திருப்பதற்கு அவ்வடிகாலே பெருங்காரணம். ஐரோப்பாவிலும் இக்கலையின் அருமையை உணர்ந்து, கிரீஸ், இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் முதலிய 8 நாடுகள் ஒன்றுசேர்ந்து முயன்றதன் பயனாக, 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் சாந்தின்றிக் கல்லடுக்கும் கலையை மானிடகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டில் இன்று நடப்பது என்ன? முன்முகத்தில் மெல்லியதாக ஒரு வரிசைக் கல். அதற்குமேல் அழகாகச் சிமெண்ட் பூச்சு. பின்னே, மனையைத் தோண்டியபோது கிடைத்த களிமண்ணும், செங்கல் உடைசலும், வேரும் தழையும் கலந்த குப்பை. நீர் வடிவதற்கென்று நாலைந்து குழாய்த்துண்டுகள் பெயருக்குச் செருகப்பட்டிருக்கும். அவற்றின் பின்வாய் களிமண்ணால் அடைபட்டிருக்கும். மழைக்காலத்தில் அக்குழாய்களிலிருந்து சொட்டு நீரும் வாராது. வீட்டுக்காரர் அதைக் கண்டு, 'பார்த்தீர்களா, ஒழுக்கே இல்லை' என்று மகிழ்வார். ஒழுகாத தடுப்புச்சுவரைக் கண்டு அஞ்ச வேண்டுமேயன்றி மகிழலாகாது.

சரிவில் வீடு கட்ட எண்ணுவோர் அறிந்திருக்க வேண்டிய சில விதிகளை இங்கே தருகிறோம். கற்ற இஞ்சினீரும் கைதேர்ந்த கொத்தனாரும் இவற்றை அறிவர். ஆயினும் பணங்கொடுப்பவரும் அறிந்திருந்தாலன்றி இவை நடைமுறைக்கு வாரா. முதலாவது, கடைக்கால் உறுதியான பழைய நிலத்தில் இறங்க வேண்டும். புதிதாகக் கொட்டிய மண்ணின்மேல் சுவரை நிறுத்துவது தற்கொலைக்கு ஒப்பாகும். கடைக்காலின் தளம் மலையின் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருத்தல் நன்று. இரண்டாவது, சாந்தில்லாக் கற்சுவரின் அடி அகலம் உயரத்திற் பாதிக்குக் குறையலாகாது. 10 அடிச் சுவருக்கு 5 அடியேனும் வேண்டும். மண் இளகியதாயின், அல்லது மேலே சரிவு தொடருமாயின், அதற்கு மேலும் வேண்டும். மூன்றாவது, சுவரின் முகம் செங்குத்தாக நில்லாமல், ஏறத்தாழ 6 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் மலையை நோக்கிச் சாய வேண்டும்.

நான்காவது, கல்லின் நீளம் சுவருக்குள்ளே போக வேண்டும். பார்வைக்குப் பெரிதாகத் தோன்றும்பொருட்டு நீண்ட கல்லை முகத்தில் கிடத்தி, உள்ளே வெறுமையாக விடுவது மோசடி. முன்முகத்திலிருந்து உள்முகம்வரை செல்லும் நெடுங்கற்களை இடையிடையே வைத்துக் கட்ட வேண்டும். மேற்கல்லும் கீழ்க்கல்லும் சேரும் சந்துகள் ஒரே கோட்டில் விழலாகாது. ஐந்தாவது, சுவரின் பின்னே ஓரடி கனத்துக்கேனும் சுத்தமான ஜல்லி நிரப்ப வேண்டும். மண் புகுந்து ஜல்லியை அடைத்துவிடாதபடி, இரண்டுக்கும் இடையே நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி விரித்தல் தகும். சாந்து வைத்துக் கட்டுவதாயின், ஏறத்தாழ 5 அடிக்கு ஒன்றாக வெளிப்புறம் சாய்ந்த துளைகள் வேண்டும். ஒவ்வொரு துளையும் அந்த ஜல்லியோடு தொடர்புற்றிருக்க வேண்டும். ஆறாவது, சுவருக்கு மேலே ஓடிவரும் மழைநீர் பின்புறத்தில் இறங்குமுன் அதைப் பிடித்து அப்பால் கொண்டு செல்ல ஒரு கால்வாய் வேண்டும்.

ஏழாவது, ஒரே பெருஞ்சுவரைக் காட்டிலும், இடையே அகன்ற படி விட்டுக் கட்டிய இரண்டு சிறு சுவர்கள் மேல். ஆனால் அவ்விரண்டும் நெருங்கியிருந்தால் மேற்சுவரின் பாரம் கீழ்ச்சுவரின்மேல் இறங்கிவிடும். கீழ்ச்சுவரின் உயரத்தைப்போல் இருமடங்கு தூரமேனும் மேற்சுவர் பின்வாங்கி நிற்றல் வேண்டும். எட்டாவது, சுவரின் தலைமாட்டில் தண்ணீர்த் தொட்டியும், கழிவுநீர்க் குழியும், மோட்டார் வண்டி நிறுத்துமிடமும் அமைத்தலாகாது. கழிவுநீர்க் குழி ஆண்டு முழுவதும் பெய்யும் மழைக்குச் சமானம் என்பதைப் பலர் உணர்ந்தாரில்லை.

இவற்றை எழுதிவைத்தவர் நாமே என்று யாரும் எண்ண வேண்டா. மலைப்பகுதிகளில் தடுப்புச்சுவர் கட்டும் முறைக்கென்று இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் 14458 என்னும் எண்ணுள்ள வழிகாட்டியை 1997, 1998ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. எவ்விடத்துக்கு எவ்வகைச் சுவர் ஏற்றது என்பது முதற்பாகம்; கணக்கிடும் முறை இரண்டாம் பாகம்; சாந்தில்லாக் கற்சுவர் கட்டும் முறை மூன்றாம் பாகம். ஆக, சாஸ்திரம் இருக்கிறது. நம் நாட்டிலேயே இருக்கிறது. அது கொத்தனார் கைக்கும் வீட்டுக்காரர் கண்ணுக்கும் எட்ட வேண்டும்.

சுவர் எழும்பியபின் வரும் அபாயத்தைப்போலவே, எழும்பு முன் வரும் அபாயமும் பெரிது. லவ்டேல் சம்பவம் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது. அது மழைக்காலத்தில் நேர்ந்ததன்று. பிப்ரவரி மாதத்தில் நேர்ந்தது. ஆதலின் 'கோடையில் வெட்டினால் போதும்' என்று திருப்தியடைய இடமில்லை. மண்ணை நெடுக ஒரே வீச்சாக வெட்டி நிறுத்தாமல், சிறு சிறு துண்டாக வெட்டி, அத்துண்டிலே சுவரை எழுப்பிய பின்னரே அடுத்த துண்டைத் தொடுதல் வேண்டும். மேலே கட்டடமோ, சாலையோ, மரமோ, பழைய சுவரோ இருக்குமாயின், இஞ்சினீர் நேரில் வந்து பார்த்து, முட்டுக்கொடுத்த பின்னரே கடப்பாரை மண்ணில் இறங்க வேண்டும். வெட்டிய மண்ணின் அடியில் ஆட்களை வேலைக்கு இறக்குவதற்கு முன், அங்கு ஆபத்தில்லை என்று கையெழுத்திடும் பொறுப்பு ஒருவருக்கு இருக்க வேண்டும். இன்றோ அப்பொறுப்பு கூலிக்கு வரும் பெண்ணின் தலையெழுத்திடம் விடப்பட்டிருக்கிறது.

இனி, சுவரால் ஆகாத காரியமும் உண்டு என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. 2009ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் சில நாட்களுக்குள் எண்ணற்ற இடங்களில் மண் சரிந்து 40க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டக் குடியிருப்பின்மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளரும் அவர்தம் மக்களும். 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி வயநாட்டு முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணும் பாறையும் வாரிச் சென்றன. மலையே பெயர்ந்து வருங்கால் மனைச்சுவர் என் செய்யும்? நீர் வழிந்தோடும் பள்ளத்திலும், முன்பு சரிந்த தழும்புள்ள சரிவிலும் வீடு கட்டாதிருத்தலே அறிவுடைமை. தடுப்புச்சுவர் நல்ல நிலத்தைக் காக்கும் கருவி. தீய நிலத்தை நல்ல நிலமாக்கும் மந்திரம் அன்று. 'சுவர் கட்டிவிட்டேன்' என்று சொல்லி, கட்டத்தகாத இடத்துக்கு அநுமதி கேட்பவருக்கு மறுப்பு ஒன்றே விடையாக இருத்தல் வேண்டும்.

உரிமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'என் நிலம், என் இஷ்டம்' என்று பேசுவோர் பலர். அந்நிய ஆட்சிக் காலத்தில், 1882ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வசதியுரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவே இப்பேச்சுக்கு இடந்தரவில்லை. இயற்கை நிலையிலுள்ள ஒருவன் நிலத்துக்கு, அடுத்தவன் நிலம் இயல்பாகத் தரும் தாங்குதலைப் பெறும் உரிமை உண்டென்று அப்பிரிவு உதாரணங் காட்டிக் கூறுகிறது. கீழ்மனைக்காரன் தன் மனையை வெட்டி மேல்மனையின் காலை வாருதல் கூடாது. மேல்மனையில் இயல்பாகப் பெய்யும் நீர் கீழே இறங்குவதும் இயற்கை முறையே என்பதை அதே பிரிவு ஒப்புகிறது. ஆனால் இயல்பாகப் பரந்து இறங்கும் நீர் வேறு. கூரையிலும் முற்றத்திலும் விழுந்ததை ஒரே குழாயிற் சேர்த்து அயலான் சுவரின் தலையிற் கொட்டுவது வேறு. இரண்டாவதை இயற்கையின் பெயரால் யாரும் நியாயப்படுத்த முடியாது. சட்டம் ஒருபுறமிருக்க, கீழே உறங்கும் குழந்தைக்கு மேலே இருப்பவன் காவலன் என்னும் தர்மத்துக்குச் சட்டப் பிரிவும் வேண்டுமோ?

மலைநகரங்களின் அமைப்பே இத்தர்மத்தை நமக்கு நினைவூட்ட வல்லது. குன்னூரைப் பாருங்கள். மேற்குன்னூரில் பங்களாக்கள், கீழ்க்குன்னூரில் கடைத்தெருவும் நெருக்கமான வீடுகளும். வெள்ளையர் வகுத்த மேடு பள்ளம் இது. 1947இல் ஆட்சி மாறியது. மேடும் பள்ளமும் மாறவில்லை. மேட்டில் பெய்த மழை இன்றும் பள்ளத்துக்கே வருகிறது. சுயராஜ்யம் என்பதற்குப் பள்ளத்திலிருப்பவனும் அச்சமின்றி உறங்கலாம் என்பதே பொருளானால், அது இன்னும் பல தெருக்களுக்கு வந்து சேரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூற வரவில்லை. 1990ஆம் ஆண்டில் மலைப்பகுதிப் பாதுகாப்புக்கென்று தனிக்குழு அமைந்தது. 1993இல் மலைநகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் இயற்றப்பட்டன. விதிகளை இயற்றுவது ஒன்று. மழையில் நின்று சுவரைப் பார்ப்பது மற்றொன்று. நமது கோரிக்கைகள் ஐந்து. ஆள் உயரத்துக்கு மேற்பட்ட தடுப்புச்சுவர் எதுவும் தகுதிபெற்ற இஞ்சினீரின் கணக்கும் கையெழுத்தும் இன்றி எழலாகாது. சுவரின் பின்னே ஜல்லி நிரப்பி மண்மூடுவதற்கு முன் ஸ்தல ஸ்தாபன உத்தியோகஸ்தர் நேரில் வந்து வடிகாலைப் பார்க்க வேண்டும். மூடியபின் பார்ப்பது வெறும் சடங்கு. பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் குடியிருப்புக்கு மேலேயுள்ள சுவர்கள் யாவும் பரிசோதிக்கப்பட்டு, அபாயச் சுவர்களின் பட்டியல் எல்லோரும் காண ஒட்டப்பட வேண்டும். ஏழைகள் குடியிருக்கும் சரிவுகளில் பொதுச் செலவிலேயே சுவரும் கால்வாயும் கட்ட வேண்டும். மேற்சொன்ன வழிகாட்டியின் சாரத்தைப் படங்களுடன் எளிய தமிழில் அச்சிட்டு, கொத்தனார்களுக்கு வழங்கிப் பயிற்சியும் அளிக்க வேண்டும்.

'இவ்வளவு நிபந்தனை விதித்தால் நடுத்தர வகுப்பார் வீடே கட்ட முடியாதே' என்று ஆட்சேபிப்போர் உண்டு. அவ்வாட்சேபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் சற்று ஆராய்ந்து பார்த்தால், மிகையான செலவுக்குக் காரணம் வடிகால் அன்று, உயரமே என்பது புலப்படும். மனை முழுவதையும் மைதானம்போல் சமன்செய்ய விரும்புவதால் பெரிய வெட்டும், பெரிய சுவரும் தேவைப்படுகின்றன. சரிவின் போக்கை ஒட்டிப் படிப்படியாக அறைகளை அமைத்தால் வெட்டு குறையும், சுவர் தாழும், செலவும் குறையும். பின்னே நிரப்பும் ஜல்லிக்குக் கல்லுடைக்கும்போது மிஞ்சும் சில்லுகளே பெரிதும் உதவும். துளையும் கால்வாயும் கட்டட மொத்தச் செலவில் அற்பப் பகுதியே. விழுந்த சுவரை மீண்டும் கட்டும் செலவோடு ஒப்பிட்டால், அது செலவென்று சொல்லத் தக்கதும் அன்று. மாண்டவரை மீட்கும் செலவு எந்த வரவுசெலவுக் கணக்கிலும் இல்லை.

தேசத்தொண்டு புரியும் இளைஞர்களுக்கு நாம் இறுதியாக ஒரு வேலை தருகிறோம். கூட்டம் கூட்டித் தீர்மானம் நிறைவேற்றுவதோடு நின்றுவிட வேண்டா. அடுத்த பருவமழைக்கு முன் உங்கள் ஊரில், வீடுகளுக்கு மேலே நிற்கும் சுவர் ஒவ்வொன்றையும் சென்று பாருங்கள். வயிறு பெருத்ததுபோல் நடுவில் புடைத்திருக்கிறதா? புதிய வெடிப்பு உண்டா? தூக்குக்குண்டு பிடித்தால் வெளியே சாய்கிறதா? சுவரின் தலைமாட்டில் மண் பிளந்திருக்கிறதா? மழை பெய்த மறுநாள் துளைகளில் நீர் வடிகிறதா, அல்லது அடைபட்டிருக்கிறதா? கண்டதை எழுதி, தேதியிட்டு, அங்குக் குடியிருப்போர் கையெழுத்துடன் நகரசபையிலும் கலெக்டரிடமும் கொடுத்து ரசீது பெறுங்கள். புடைப்பும் வெடிப்பும் கண்ட சுவரின் கீழ் இருப்போரை மழை ஓயும்வரை வேறிடத்தில் தங்கவைக்க ஏற்பாடு செய்யுங்கள். நடூர் மக்களின் வாய்ச்சொல்லைக் கேளாதார், ரசீதுபெற்ற எழுத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது.

மேல்மனையில் வாழ்வோருக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் சுவரை உங்கள் முற்றத்தில் நின்று பார்த்தது போதும். ஒருமுறை கீழே இறங்கி, அச்சுவரின் அடியிலுள்ள வீட்டு வாசலில் நின்று நிமிர்ந்து பாருங்கள். அங்கு நின்று பார்க்கையில் நெஞ்சிலே அச்சம் தோன்றுமாயின், கொத்தனாரை அழைத்து வர இன்னொரு மழைக்குக் காத்திராதீர்கள்.